தையலில்லாச் சட்டையின் கதை

ரொறன்ரோ நகரில் வாழும் என் சின்னம்மாவின் மகள் வீட்டு அலுமாரியில் ஒரு பிளாஸ்ரிக் பை இருக்கிறது. அதற்குள் கருநீலக் கம்பளி நூலாற் பின்னப்பட்ட நான்கு துண்டுகள். ஒன்று முதுகு, ஒன்று முன்புறம், மற்றைய இரண்டும் கைகள். யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடப் பாடசாலையொன்றில் பின்னல் கற்ற சின்னம்மா, வெளிநாட்டுக் குளிரில் அந்தக் கலையை மறுபடி கையிலெடுத்தவர். பின்னுவதில் அவருக்கு அலுப்பே கிடையாது. பின்னிய துண்டுகளை ஒன்றோடொன்று வைத்துத் தைப்பதுதான் அவருக்குப் பிடிக்காத வேலை. "நாளைக்குத் தைப்பம்" என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருப்பார். கடைசியாகப் பின்னிய சட்டையை அவர் தைக்கவில்லை. அதற்குள் காலமாகிவிட்டார்.

கடந்த முறை அங்கு சென்றிருந்தபோது தங்கையும் பின்னிக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் கையிலிருந்தது துண்டு அல்ல. கழுத்திலே தொடங்கி, தோளாக விரிந்து, மார்பு வரை இறங்கியிருந்த அரைச் சட்டை. ஒரு பக்கத்தில் மட்டும் கை முளைத்து, பூசணிக்காய் போல உப்பிப் போய்த் தொங்கியது. நான் அதைப் புதினமாகப் பார்ப்பதைக் கண்டு, "அண்ணை, இதில தைக்கிற வேலையே இல்லை. மேலயிருந்து கீழ பின்னிக்கொண்டு போறது. ஊசியை எடுத்தால் போட்டுக்கொள்ளலாம்" என்றாள்.

தாய் நான்கு துண்டுகளாகப் பின்னியதை மகள் ஒரே துண்டாகப் பின்னுகிறாள். மகளுடைய முறை புதியது என்றுதான் முதலில் எண்ணினேன். தேடி வாசித்தபோது உண்மை வேறாக இருந்தது. தையலில்லாமற் பின்னுவதே பழைய வழக்கம். துண்டு துண்டாகப் பின்னித் தைப்பதுதான் பின்னர் வந்தது. இடையில் என்ன நடந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நான்கு ஊசிகளும் ஓர் ஓவியமும்

பின்னல் என்று நாம் இங்கு சொல்வது நெசவு அன்று. நெசவில் பாவும் ஊடுமாக இரு நூல்கள் குறுக்கே ஓடுகின்றன. பின்னலில் ஒரே நூல் கண்ணி கண்ணியாக வளைந்து, ஒவ்வொரு கண்ணியும் முந்திய கண்ணியின் ஊடாக வெளியே இழுக்கப்படுகிறது. அதனால் அது இழுத்தால் நெகிழும், விட்டால் சுருங்கும். நூலின் நுனியைப் பிடித்து இழுத்தால் முழுவதும் அவிழ்ந்தும் போகும். இந்தக் குணங்களே அதன் வரலாற்றைத் தீர்மானித்தன எனலாம்.

எகிப்தில் கிடைத்த மத்திய காலப் பருத்திக் காலுறைகள் பின்னலின் மிகப் பழைய சான்றுகளுள் அடங்குபவை. அவை குழாய் வடிவில் சுற்றிச் சுற்றிப் பின்னப்பட்டவை. காலும் கையும் உடலும் உருண்டை வடிவானவை. ஆகவே உடையும் குழாயாகப் பின்னப்படுவதே இயல்பு. நான்கு அல்லது ஐந்து குட்டை ஊசிகளில் கண்ணிகளைப் பகிர்ந்து வைத்து வட்டமாகப் பின்னிச் செல்வது இதற்கான முறை.

ஜேர்மனியின் ஹம்பேர்க் ஓவியக்கூடத்தில் இருக்கும் புக்ஸ்ரகூட பீடத்து ஓவியங்களில் ஒன்று, பின்னல் வரலாறு எழுதுவோர் எவரும் தவறவிடாத ஒன்று. ஏறத்தாழ 1400ஆம் ஆண்டளவில் ஓவியர் பேர்ற்றமின் பட்டறையில் உருவானது. அதில் மரியாள் அமர்ந்து நான்கு ஊசிகளால் ஒரு சிறு சட்டையைப் பின்னுகிறார். உடலும் கைகளும் முடிந்துவிட்டன. கழுத்து விளிம்பில் ஊசிகள் நிற்கின்றன. சட்டையில் எங்கும் தையல் இல்லை. யோவான் நற்செய்தியின் 19ஆம் அதிகாரத்தில், சிலுவையடியில் நின்ற படைவீரர் இயேசுவின் அங்கிக்காகச் சீட்டுப் போட்ட செய்தி வருகிறது. அந்த அங்கி தையலின்றி, மேலிருந்து தொடங்கி ஒரே துண்டாக ஆக்கப்பட்டது. கிழித்துப் பங்கிட்டால் பயனற்றுப் போகும் என்பதாலேயே சீட்டுப் போட்டார்கள். அந்த அங்கி நெய்யப்பட்டதாகவே நற்செய்தி சொல்கிறது. ஆயினும் தாய் மகனுக்குத் தையலில்லாச் சட்டை செய்யும் காட்சியை வரைய முனைந்த ஓவியர், தம் காலத்துப் பெண்களின் கைகளில் தாம் கண்ட நான்கு ஊசிகளையே மரியாளின் கைகளிலும் வைத்தார். அக்கால ஐரோப்பிய வீடுகளில் வட்டப் பின்னல் அறிமுகமானதாக இருந்தது என்பதற்கு இது நல்ல சாட்சியம்.

கடலோரக் குடும்பங்களின் சட்டை

பிரித்தானியக் கரையோர மீனவர்கள் அணிந்த கேர்ன்சி வகைச் சட்டைகள் இம்மரபின் அடுத்த கட்டம். இறுக்கமாக முறுக்கிய நூலால், காற்றும் நீர்த்துளியும் எளிதிற் புகாதவாறு நெருக்கமாகப் பின்னப்பட்டவை. உடல் ஒரே குழாய். தோளில் முன்னும் பின்னும் சேர்ந்த பின்னர், கைத்துளையின் விளிம்பிலிருந்து புதிய கண்ணிகளை எடுத்து, மணிக்கட்டை நோக்கிக் கீழே பின்னிச் செல்வார்கள். இதற்குக் காரணம் உண்டு. வலையிழுக்கும் மனிதனுக்கு முதலில் தேய்வது மணிக்கட்டும் முழங்கையும்தான். கை மேலிருந்து கீழே பின்னப்பட்டிருந்தால், தேய்ந்த பகுதியை மட்டும் கீழிருந்து அவிழ்த்துவிட்டுப் புது நூலால் மறுபடி பின்னலாம். சட்டையின் ஆயுள் இரட்டிப்பாகும். மேலிருந்து கீழே பின்னுவதன் பயனை அந்த வீட்டுப் பெண்கள் இவ்வாறு அறிந்துவைத்திருந்தார்கள்.

ஷெற்லாண்ட் தீவுகளின் பெண்கள் இன்னொரு வழி கண்டனர். அவர்கள் உடலை இடைவிடாது குழாயாகவே பின்னி முடித்து, கைத்துளை வரவேண்டிய இடத்தைக் கத்தரியால் வெட்டித் திறந்து, அங்கிருந்து கைக்குக் கண்ணிகளை எடுப்பார்கள். முதுகிலே எரிகரிக் கூடையைச் சுமந்தபடி நடந்துகொண்டே பின்னிய பெண்கள் அவர்கள். ஆனால் அந்தத் திறமைக்கு உரிய கூலி காசாகக் கிடைக்கவில்லை. வணிகர்கள் பின்னலை வாங்கிக்கொண்டு தேயிலை, துணி போன்ற பொருட்களைக் கொடுத்தார்கள். இம்முறைகேட்டை விசாரிக்க 1872இல் ஓர் அரச ஆணைக்குழு ஷெற்லாண்டில் சாட்சியம் பெற்றது. பின்னிய பெண்களே முன்வந்து சாட்சி கூறினர். பின்னல் வரலாற்றில் உழைத்தவர்களின் சொற்கள் பதிவான அரிய சந்தர்ப்பங்களுள் அது ஒன்று.

தையல் எவ்வாறு வந்தது?

1589ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் நொற்றிங்ஹாம் அருகேயுள்ள கல்வேர்ற்றன் என்ற ஊரைச் சேர்ந்த வில்லியம் லீ, காலுறை பின்னும் பொறியை உருவாக்கினார். முதலாம் எலிசபெத் அரசி அதற்குக் காப்புரிமை வழங்க மறுத்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. கையாற் பின்னுவோரின் பிழைப்புப் பறிபோகும் என அரசி அஞ்சியதாகச் சொல்வர். லீ பின்னர் பிரான்சுக்குச் சென்று அங்கேயே இறந்தார். ஆனால் பொறி இங்கிலாந்துக்குத் திரும்பி வந்து நிலைத்தது.

அந்தப் பொறி ஒரே வரிசையில் அடுக்கப்பட்ட ஊசிகளைக் கொண்டது. ஆகவே அதிலிருந்து வந்தது தட்டையான துணி. கண்ணிகளைக் கூட்டியும் குறைத்தும் துணிக்குக் காலின் வடிவம் கொடுத்து, ஓரங்களைச் சேர்த்துப் பின்புறம் தைத்தார்கள். ஆடவர் பொறியில் அமர, பெண்கள் தைத்தனர். பின்னலில் தையல் பெருவழக்கானது மனிதத் தேவையால் அல்ல. பொறியின் வசதிக்காகவே என்பது கவனிப்புக்குரியது.

நிலைமை இன்னும் கீழிறங்கியது. அகலமான பொறிகளில் வெறும் துணியாகப் பின்னி, அதைக் காலுறை வடிவில் கத்தரியால் வெட்டி, ஓரத்தைத் தைத்து மலிவாக விற்கும் வழக்கம் தோன்றியது. வெட்டிய பின்னலின் ஓரத்துக்குப் பிடிப்பு இல்லை. தையல் விட்டால் கண்ணிகள் வரிசையாக அவிழும். தேர்ந்த தொழிலாளர்களின் கூலியும் பண்டத்தின் பெயரும் ஒருங்கே கெட்டன. 1811இல் நொற்றிங்ஹாம் பகுதியில் பொறிகளை உடைக்கத் தொடங்கிய லுடைற்றுகளின் முறைப்பாடுகளில் இந்த வெட்டித் தைத்த சரக்கும் ஒன்று. இயந்திரத்தை வெறுத்த மூடர்கள் என இன்றுவரை ஏளனமாகப் பேசப்படும் அம்மனிதர்கள், உண்மையில் பொறியிலேயே வேலை செய்தவர்கள். அவர்கள் எதிர்த்தது கூலிக்குறைப்பையும் மட்டமான சரக்கையுமே. 1812இல் பிரித்தானிய நாடாளுமன்றம் பொறி உடைப்புக்கு மரணதண்டனை விதிக்கும் சட்டத்தை இயற்றியது. கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் ஆற்றிய முதலாவது உரை, அச்சட்டத்தை எதிர்த்து அவ்வாண்டு பெப்ரவரி 27ஆம் திகதி நிகழ்த்தியதாகும்.

ஒரு தையலோரத்தின் பின்னால் இவ்வளவு இரத்தமும் கண்ணீரும் இருக்கின்றன.

தளபதிகளின் பெயர்கள்

கழுத்திலிருந்து அக்குள் வரை சரிவாக இறங்கும் கோட்டில் கை பொருந்தும் அமைப்பை நம் ஊர்த் தையற்காரரும் 'றக்லன் கை' என்றே அறிவார்கள். றக்லன் பிரபு 1815இல் வொற்றர்லூ போர்க்களத்தில் வலது கையை இழந்தவர். 1854இல் கிரைமியப் போரில் பிரித்தானியப் படைக்குத் தலைமை தாங்கி, அடுத்த ஆண்டு அங்கேயே மரணமானார். கையிழந்த மனிதர் இலகுவாக அணிவதற்காக இந்த அமைப்பு உருவானது எனச் சொல்லப்படுகிறது.

முன்புறம் திறந்து பொத்தான் பூட்டும் கம்பளிச் சட்டைக்குக் 'கார்டிகன்' என்று பெயர். அது அதே போரில், 1854 ஒக்ரோபர் 25ஆம் திகதி பலக்கிளாவாவில் இலகு குதிரைப்படையை ரஷ்யப் பீரங்கிகளுக்கு நேரே நடத்திச் சென்ற கார்டிகன் பிரபுவின் பெயர். தலையையும் கழுத்தையும் மூடும் பின்னல் தொப்பிக்கு அந்தப் போர்க்களத்தின் பெயரே வாய்த்தது. தவறான கட்டளையாலும் குளிராலும் நோயாலும் படைவீரர் மாண்ட ஒரு படையெடுப்பு, மூன்று உடைப்பெயர்களை உலகுக்கு விட்டுச் சென்றிருக்கிறது. பிரபுக்களின் பெயர் சட்டையில் நிலைத்தது. சட்டையைப் பின்னியவர்களின் பெயர் ஒன்றுகூட நிலைக்கவில்லை.

பெருங்கையின் வரவு

தங்கை பின்னிய உப்பிய கைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1830களின் முற்பாதியில் ஐரோப்பியப் பெண்களின் சட்டைக்கை தோளருகே பேருருவம் கொண்டது. மேலே பருத்து முழங்கைக்குக் கீழ் ஒடுங்கியமையால் அதனை ஆட்டுத்தொடைக் கை என்றார்கள். அது தொங்கிவிடாதிருக்க உள்ளே இறகு திணித்த சிறு தலையணைகளைக் கட்டிக்கொண்டார்கள். 1836அளவில் அந்த மோகம் திடீரென வடிந்தது. அறுபது ஆண்டுகள் கழித்து, 1890களின் நடுப்பகுதியில், அதே பெருங்கை மீண்டது. ஆனால் இம்முறை அதை அணிந்த பெண்களுட் சிலர் சைக்கிள் ஓட்டினார்கள். ஓட்டுவதற்கு இறுகிய துணிச்சட்டை உதவவில்லை. நெகிழ்ந்து கொடுக்கும் கம்பளிச் சட்டை உதவியது. ஆண்களின் விளையாட்டுடையாக இருந்த சுவெற்றர், ஆட்டுத்தொடைக் கையோடு பெண்களின் உடலுக்கு வந்தது இக்காலத்திலேதான்.

துணியில் பெருங்கை அமைப்பதற்கு அகன்ற துணியை வெட்டி, ஓரத்தைச் சுருக்கித் தைக்க வேண்டும். பின்னலில் அந்தச் சுருக்கம் தேவையில்லை. ஒரே சுற்றில் கண்ணிகளைக் கூட்டினால் கை விரியும். ஒரே சுற்றில் குறைத்தால் ஒடுங்கும். தோளருகே கூட்டினால் ஆட்டுத்தொடைக் கை. மணிக்கட்டை நோக்கிச் சிறிது சிறிதாகக் கூட்டினால் ஆயர்களின் அங்கியை ஒத்த கை. அக்குளுக்குக் கீழே கூட்டி மணிக்கட்டில் சட்டெனக் குறைத்தால் பலூன் கை. எங்கே கூட்டுகிறோம் என்பதே வடிவத்தைத் தீர்மானிக்கிறது.

தாளிலே எழுதப்பட்ட கட்டளை

20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் நூல் நிறுவனங்களும் பெண்கள் சஞ்சிகைகளும் பின்னற் குறிப்புகளை அச்சிட்டுப் பரப்பின. அவற்றிற் பெரும்பாலானவை தையற்காரர் துணியை வெட்டும் முறையைப் பின்பற்றி, முதுகு, முன்புறம், கைகள் எனத் தட்டைத் துண்டுகளாகவே பின்னச் சொன்னவை. பின்னுபவர் சிந்திக்க வேண்டியதில்லை. வரி வரியாகச் சொன்னபடி செய்தாற் போதும். எங்கள் பாடசாலைகளுக்கு வந்து சேர்ந்ததும் அந்த வழியே. சின்னம்மா கற்றது அதைத்தான்.

இந்தக் கட்டளைக்கு மாறாக எழுந்தவர்களுள் முதன்மையானவர் எலிசபெத் சிம்மர்மன். 1910இல் இங்கிலாந்தில் பிறந்தவர், ஓவியம் பயின்றவர், ஜேர்மனியரான கணவருடன் 1937இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து விஸ்கொன்சின் மாநிலத்தில் வாழ்ந்தவர். 1950களில் அவர் வட்டமாகப் பின்னும் சுவெற்றர் ஒன்றின் குறிப்பை எழுதிச் சஞ்சிகையொன்றுக்கு அனுப்பினார். அச்சில் வந்தபோது அது தட்டைத் துண்டுகளாகப் பின்னும் குறிப்பாக மாற்றி எழுதப்பட்டிருந்தது. வாசகிகள் பழகிய முறைக்கு ஏற்பத் திருத்துவதாக ஆசிரியபீடம் கருதியிருக்கக்கூடும். பத்திரிகை அலுவலகங்களில் வாழ்நாளைக் கழித்த எனக்கு அந்தச் சிவப்புப் பேனாவை நன்கு தெரியும். நானும் பலருடைய எழுத்தில் அதை ஓட்டியிருக்கிறேன். எழுதியவர் எதைச் சொல்ல வந்தாரோ அதையே வெட்டிவிட்டு, மிகுதியை ஒழுங்காக அச்சிட்ட நாட்களும் இருந்தன.

சிம்மர்மன் முறைப்பாட்டோடு நிற்கவில்லை. தாமே ஒரு செய்திமடலைத் தொடங்கினார். பின்னர் சிறு பதிப்பகமொன்றையும் நிறுவினார், தொலைக்காட்சியிற் கற்பித்தார். 'கண்ணீரின்றிப் பின்னல்' எனப் பொருள்படும் அவருடைய நூல் 1971இல் வெளிவந்தது. கட்டளைக்குப் பதிலாக அவர் கொடுத்தது ஒரு விகிதக் கணக்கு. உடற் சுற்றளவுக்கு வேண்டிய கண்ணிகளை நூறு வீதம் எனக் கொண்டால், மேற்கைக்கு ஏறத்தாழ மூன்றிலொன்று, கழுத்துக்கு 40 வீதம், மணிக்கட்டுக்கு ஐந்திலொன்று எனக் கணிக்கலாம். இந்தக் கணக்குத் தெரிந்தவருக்கு எந்த நூலும் எந்த ஊசியும் எந்த உடலும் ஒன்றுதான்.

அவரிடம் நான் மிக மதிக்கும் செயல் வேறொன்று. தாம் கண்ட உத்திகளைத் தமது கண்டுபிடிப்பு என அவர் உரிமை கோரவில்லை. உலகின் எங்கோ ஒரு மூலையில், எப்போதோ ஒரு பெண் இதைச் செய்திருப்பாள். மண்ணுக்குள் இருந்ததை நான் மறுபடி தோண்டி எடுத்தேன், அவ்வளவே என்ற பொருளில், அதற்கென ஒரு புதுச் சொல்லையே ஆங்கிலத்தில் ஆக்கிக்கொண்டார். பெயரற்ற பெண்களுக்கு அதைவிடப் பெரிய மரியாதையை எவரும் செய்ததாக நான் அறியேன். 1999 நவம்பரில் அவர் காலமானார்.

சிம்மர்மன் பெரும்பாலும் கீழிருந்து மேலே பின்னியவர். கழுத்திலிருந்து கீழே வரும் முறையை முழு நூலாக எழுதி நிலைநிறுத்தியவர் பார்பரா வோக்கர். அவர் நம் தொழிலைச் சேர்ந்தவர். பத்திரிகையியல் கற்று, வாஷிங்ரனில் நாளிதழொன்றிற் பணிபுரிந்தவர். செய்தியாளருக்குரிய பொறுமையோடு ஆயிரக்கணக்கான பின்னல் வடிவங்களைத் தேடித் தொகுத்து, 1968 தொடக்கம் நூல்களாக வெளியிட்டார். மேலிருந்து பின்னும் முறை பற்றிய அவரது நூல் 1972இல் வெளிவந்தது.

மேலிருந்து கீழே

அம்முறையை ஓர் உதாரணத்தாற் காட்டலாம். 10 சென்ரிமீற்றருக்கு 20 கண்ணிகள் வரும் நூலைக் கொள்வோம். கழுத்துக்கு 88 கண்ணிகள் போடுகிறோம். முதுகுக்கு 28, முன்புறத்துக்கு 28, கைகளுக்கு 14 வீதம், அவற்றுக்கு இடையிலான நான்கு சரிவுக் கோடுகளுக்கு ஒவ்வொன்று. ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று, ஒவ்வொரு கோட்டின் இரு மருங்கிலும் ஒரு கண்ணியைக் கூட்டுகிறோம். ஒரு சுற்றுக்கு எட்டுக் கண்ணிகள் கூடும். இவ்வாறு 25 தடவை கூட்டியதும் முதுகிலும் முன்புறத்திலும் 78 வீதமும் கைகளில் 64 வீதமும் நிற்கும். இந்தச் சரிவுக் கோடுதான் றக்லன் பிரபுவின் கோடு. ஆனால் இங்கே அது தையலன்று. கண்ணி கூடிய தடம் மட்டுமே.

இப்போது கைக்குரிய கண்ணிகளை ஒரு நூலிற் கோத்து ஓய்வாக விட்டு, அக்குளுக்கு எட்டெட்டுக் கண்ணிகள் புதிதாகச் சேர்த்து, உடலை வட்டமாக இணைக்கிறோம். கோட்டுக் கண்ணிகளையும் உடலோடு சேர்த்தால் மொத்தம் 176. அதாவது 88 சென்ரிமீற்றர் சுற்றளவு. வேண்டிய நீளம் வரை கீழே பின்னி முடிக்கலாம். பின்னர் கைக்குத் திரும்பி, ஓய்ந்திருந்த 64 கண்ணிகளோடு அக்குளிலிருந்து எட்டை எடுத்தால் 72 ஆகும். சாதாரணக் கையாயின் இதனைப் படிப்படியாகக் குறைத்துச் செல்வர். பெருங்கைக்கோ இங்கே ஒரே சுற்றில் இரண்டு கண்ணிக்கு ஒன்று வீதம் கூட்டவேண்டும். 72 என்பது 108 ஆகும். கையின் சுற்றளவு 54 சென்ரிமீற்றராக விரியும். அப்படியே பின்னிச் சென்று, மணிக்கட்டில் மூன்று கண்ணிகளை ஒன்றாக்கினால் 36 எஞ்சும். 18 சென்ரிமீற்றர் இறுக்கமான பட்டி. அதன்மேல் மிகுதி நூலெல்லாம் குவிந்து உப்பி நிற்கும்.

பெருங்கை நூலை விழுங்கும், பாரமும் கூட. தடித்த நூலாயின் கை தொங்கி முழங்காலைத் தேடும். ஆகவே இலேசான நூல் வேண்டும். இங்கேதான் மேலிருந்து பின்னுவதன் பயன் தெரிகிறது. எந்த நிலையிலும் சட்டையைப் போட்டுப் பார்க்கலாம். கை எவ்வளவு தொங்குகிறது என்பதைக் கண்ணாடி முன் நின்று காணலாம். பிழையெனின் கீழிருந்து அவிழ்த்தாற் போதும். நூல் குறைந்தால் கை முக்காற் கையாக முடியும். இடையில் நிறுத்த நேர்ந்தாலும், கையிலிருப்பது துண்டாக அல்ல, ஓர் உடையாகவே இருக்கும்.

இன்று இயந்திரமும் தையலை விட்டுவிட்டது. யப்பானின் வகயாமா நகரில் கையுறை பின்னும் இயந்திரங்களைச் செய்து வளர்ந்த ஷிமா செய்க்கி நிறுவனம், முழுச் சட்டையையும் தையலின்றிப் பின்னும் இயந்திரத்தை 1995இல் அறிமுகம் செய்தது. கையுறையைத் தலைகீழாகப் பிடித்தால் அது கைகளும் உடலுமுள்ள சட்டை போலத் தோன்றும் என்பது அதன் பின்னாலிருந்த எண்ணம். வில்லியம் லீயின் பொறி புகுத்திய தையலை அகற்ற இயந்திரத்துக்கு நானூறு ஆண்டுகள் சென்றன. அந்தத் தையலோடு, துண்டுகளை இணைக்கும் தொழிலாளியின் வேலையும் போகிறது. 1978இல் கட்டுநாயக்க ஏற்றுமதி வலயம் தொடங்கியது முதல் இலங்கையின் எத்தனையோ பெண்கள் தையலோரத்திலேதான் பிழைத்து வருகிறார்கள். ஆகவே தையல் நீங்கியது என்றவுடன் முழுமனதோடு மகிழ என்னால் இயலவில்லை. கையால் நீக்குவது சுதந்திரம். இயந்திரம் நீக்கும்போது யாருடைய சோறு என்ற கேள்வியும் எழுகிறது.

புறப்படுவதற்கு முதல்நாள் தங்கை அந்தப் பிளாஸ்ரிக் பையை எடுத்து வந்தாள். அவிழ்த்து, அந்த நூலில் மேலிருந்து புதிதாகப் பின்னுவதா, அல்லது அப்படியே வைத்திருப்பதா என்று கேட்டாள். துண்டுகளை மேசையில் விரித்தோம். இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது ஒன்று மற்றதைவிட இரண்டு விரற்கடை நீளம். தட்டைத் துண்டுகளைப் போட்டுப் பார்க்க முடியாதல்லவா? சின்னம்மாவுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தெரிந்துதான் தைக்காமல் விட்டாரோ என்றும் தோன்றியது.

"அவிழ்க்காதை. தை" என்றேன்.

சென்ற மாதம் தங்கை படமொன்று அனுப்பியிருந்தாள். கருநீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலிற் பனிக்குள் நிற்கிறாள். ஒரு கையை மணிக்கட்டில் ஒரு மடிப்பு மடித்து விட்டிருக்கிறாள்.

உங்கள் வீடுகளிலும் இப்படித் தைக்காமல் கிடக்கும் துண்டுகள் இருக்கக்கூடும். எறிந்துவிடாதீர்கள். பின்னியவரின் பெயரைத் தாளொன்றில் எழுதி, அவற்றோடு வையுங்கள். பிரபுக்களின் பெயர்களை எழுதிவைக்க வரலாறு இருக்கிறது. நம் தாய்மாரின் பெயர்களை நாம்தான் எழுதவேண்டும்.